ஊசி பிடித்த கையை வரைதல்: சிக்கனக் கைநூல்களின் வடிவமைப்பும் சித்திரமும்

செலவைக் குறைக்கும் வழிகளைத் தொகுத்துச் சொல்லும் சிறுநூல்கள் அச்சுக் கலையின் வரலாற்றில் அதிகம் பேசப்படுவதில்லை. வாங்கியவர்கள் அவற்றை அடுப்பங்கரையிலோ தையல் பெட்டியிலோ வைத்துத் தாள் கிழியும்வரை பயன்படுத்தியதால், அச்சான படிகளில் பலவும் எஞ்சவில்லை. ஆயினும், ஒரு நூல் எந்த அளவில், எத்தகைய தாளில், எத்தகைய எழுத்தோடும் படத்தோடும் அமைய வேண்டும் என்ற கேள்வி இவ்வகை நூலைத் தயாரிப்பவரை நெருக்குவதுபோல வேறு எவரையும் நெருக்குவதில்லை. நூலின் விலை, அது மிச்சப்படுத்தித் தரும் தொகையைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். படிப்பவர் ஓய்வாக அமர்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கப்போவதில்லை, ஈரக் கையோடு வந்து தமக்கு வேண்டிய ஒரு குறிப்பை மட்டும் தேடி எடுப்பார். சிக்கனத்தைப் பற்றிப் பேசும் நூல் தானே தாளை வீணாக்கினால் அதன் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

இந்நூல்களில் இடம்பெறும் படங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வாசகரைச் சேமிக்கச் சொல்லித் தூண்டுகிற, அல்லது சேமிக்காததற்காகக் கடிந்துகொள்கிற படம் ஒரு வகை. அதை ஏவற்படம் எனலாம். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று கண்முன் நிறுத்துகிற படம் மற்றொரு வகை. அதைச் செய்முறைப் படம் எனலாம். அரசுகளும் சேமிப்பு இயக்கங்களும் முதல் வகைக்கே பெரும் பொருளும் புகழ்பெற்ற ஓவியர்களின் உழைப்பும் செலவிட்டிருக்கின்றன. ஆனால் ஒரு சிக்கன நூலைப் பயனுள்ள கருவியாக்குவது இரண்டாம் வகைதான் என்பதையும், அந்தப் படத்தின் தன்மையே நூலின் அளவு, தாள், எழுத்து ஆகிய மற்ற முடிவுகள் அனைத்தையும் வழிநடத்த வேண்டும் என்பதையும் மூன்று நாடுகளின் சான்றுகள் காட்டுகின்றன.

சிக்கன மொழிகளை அச்சில் பரப்பியவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அவர் தொழில்முறை அச்சாளர் என்பது இங்கே முக்கியம். பிலடெல்பியாவில் 1732ஆம் ஆண்டின் இறுதியில், வரவிருந்த 1733ஆம் ஆண்டுக்காக அவர் வெளியிடத் தொடங்கிய 'புவர் ரிச்சர்ட்' பஞ்சாங்கம், 1758ஆம் ஆண்டுக்கான பதிப்புவரை அவர் கைவண்ணத்தில் தொடர்ந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் படிகளை நெருங்கி விற்றதாக அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்திருக்கிறார். அந்தப் பஞ்சாங்கத்தின் மாதப் பக்கங்களில் நாள், திங்கள், ஞாயிற்றின் உதயம், விசேட தினங்கள் ஆகியவற்றை நெருக்கமாக அடுக்கிய பிறகு, வரிகளுக்கிடையே சிறுசிறு இடைவெளிகள் மிஞ்சின. அச்சாளர் அவற்றை வெறுமையாக விட்டிருக்கலாம், அல்லது சிறு பூவேலை அச்சுகளால் நிரப்பியிருக்கலாம். ஃபிராங்க்ளின் அவ்விடங்களில் உழைப்பையும் சிக்கனத்தையும் பற்றிய பழமொழிகளை இட்டார். வேறு நூல் வாங்க வசதியில்லாத எளியவர்களுக்கு இந்த ஒரு நூலாவது கிடைக்கிறதே என்பதால் அவ்வாறு செய்ததாக அவர் விளக்குகிறார். ஒரு வரிக்குள் அடங்க வேண்டும் என்ற அந்தச் சுருக்கத்தில் அச்சுக்கூடத்தின் அளவுகோலுக்கும் பங்கு உண்டு.

அவருடைய கடைசிப் பஞ்சாங்கத்தின் முன்னுரை, சிதறிக் கிடந்த அம்மொழிகளைத் திரட்டி, ஏலம் நடக்கும் இடத்தில் கூடிய மக்களிடம் ஒரு முதியவர் ஆற்றும் உரையாக அமைத்தது. பின்னாளில் 'செல்வத்திற்கு வழி' என்ற பொருள்படும் தலைப்பில் தனி நூலாகி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டு, வீடுகளில் ஒட்டி வைப்பதற்காக ஒற்றைத் தாளிலும் அச்சாகிய எழுத்து இதுவே. அதன் முடிவில் ஒரு நுட்பம் இருக்கிறது. உரையைக் கேட்ட கூட்டம் ஒவ்வொரு சொல்லையும் ஆமோதித்துவிட்டு, ஏலம் தொடங்கியதும் தேவையற்ற பொருள்களை முந்திக்கொண்டு வாங்கத் தொடங்குகிறது. அறிவுரை மனத்தில் பதிவதும் கையில் செயலாவதும் வேறுவேறு என்பதைச் சிக்கன இலக்கியத்தின் முதன்மையான ஆசிரியரே அந்த இலக்கியத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த மொழிகளுக்குப் படம் வரைய முற்பட்டவர்கள் அந்த நுட்பத்தைக் கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் ராபர்ட் டைட்டன் வரைந்து பௌல்ஸ் அச்சகம் வெளியிட்ட ஒற்றைத் தாள் செதுக்கோவியம், ஃபிராங்க்ளினின் மொழிகளைச் சிறுசிறு கட்டங்களில் காட்சிகளாக்கிச் சிறுவர்க்கும் பெரியவர்க்குமான பாடமாக முன்வைத்தது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பீங்கான் தொழிற்கூடங்கள் அதே வகைக் காட்சிகளைச் சிறுவர்களின் தட்டுகளிலும் கோப்பைகளிலும் பதித்தன. இவை கண்ணுக்கு இனியவை. வரைதலில் திறமையும் குறைவில்லை. ஆனால் சுறுசுறுப்பானவன் நலமாக இருப்பதையும் சோம்பேறி நொடிந்துபோவதையும் காட்டும் படம், பலனைக் காட்டுகிறதே தவிர வழியைக் காட்டவில்லை. தட்டில் உள்ள சோற்றை உண்டு முடித்த குழந்தை கீழே தெரியும் படத்திலிருந்து செய்யக்கூடிய வேலை எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

செய்முறைப் படம் ஒரு நாட்டின் அன்றாடத் தேவையாகவே மாறிய காலம் இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனில் வந்தது. 1940 ஜனவரி 8 அன்று பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பங்கீடு தொடங்கியது. 1941 ஜூன் 1 அன்று துணிக்கும் பங்கீடு வந்தது. துணிப் பங்கீட்டுக்கான ஏற்பாடு முன்கூட்டியே வெளியில் கசிந்தால் கடைகள் ஒரே நாளில் காலியாகிவிடும் என்பதற்காக அது இரகசியமாக வைக்கப்பட்டது. தனிப் புத்தகம் அச்சிட்டு விநியோகித்தால் செய்தி வெளிப்பட்டுவிடும் என்பதால், மக்களிடம் ஏற்கெனவே இருந்த உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தின் மார்கரைன் கூப்பன்களே முதலில் துணிக் கூப்பன்களாகப் பயன்பட்டன. வயதுவந்த ஒருவருக்கு முதல் ஆண்டில் 66 கூப்பன்கள் கிடைத்தன. ஆணின் மேலங்கி ஒன்றுக்கு 16, பெண்ணின் கம்பளி உடைக்கு 11 என்ற கணக்கில் அவை விரைவாகக் கரைந்தன. பின்வந்த ஆண்டுகளில் கூப்பன்களின் எண்ணிக்கை மேலும் குறைந்தது. 1949 மார்ச் வரை நீடித்த இந்தப் பங்கீட்டுக் காலத்தில், கையில் பணம் இருந்தாலும் கூப்பன் இல்லாமல் புதிய துணி வாங்க முடியாது. ஆகவே இருக்கும் துணியை நீடிக்கச் செய்வதே சேமிப்பாக இருந்தது.

இச்சூழலில் பிரிட்டன் அரசின் வணிகத் துறையான வணிக வாரியத்துக்காகத் தகவல் அமைச்சகம் தயாரித்து 1943இல் வெளியிட்ட சிறுநூல் 'மேக் டூ அண்ட் மெண்ட்'. இருப்பதைக் கொண்டு சமாளித்துப் பழுதுபார்த்துக்கொள் என்பது அத்தலைப்பின் கருத்து. வாரியத்தின் தலைவர் ஹியூ டால்டன் முன்னுரை எழுதிய அந்நூல், புதுத்துணியை உடுத்தும் முன்பே தேயக்கூடிய இடங்களை வலுப்படுத்துவது, அந்துப்பூச்சியிலிருந்து காப்பது, துவைப்பது, ஒட்டுப்போடுவது, கிழிந்த இடத்தில் இழையோட்டுவது, பழைய பின்னல் ஆடையைப் பிரித்து மீண்டும் பின்னுவது என்று ஒரு துணியின் ஆயுளை அதன் வரிசையிலேயே பின்தொடர்ந்தது. நூலைச் சூழ்ந்து சுவரொட்டிகள், துண்டறிக்கைகள், தையல் வகுப்புகள் எனப் பெரும் இயக்கமே நடந்தது. ஊசியும் நூலுமாகத் திரியும் பெண் பொம்மைப் பாத்திரம் ஒன்று அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்பத் தோன்றியது. உக்ரைனில் பிறந்த ஓவியர் டோனியா நாக்ஷன் வரைந்த, அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்லும் சுவரொட்டி இன்றும் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகிறது.

சுவரொட்டியின் வேலை அலமாரிக் கதவுவரை வாசகரை அழைத்துச் செல்வதோடு முடிகிறது. அதற்குப் பிறகான வேலையைக் கைநூலின் கோட்டுப்படங்களே செய்தாக வேண்டும். அவற்றை வரைவது சுவரொட்டி வரைவதைவிடக் கடினமானது. இழையோட்டுதலையே எடுத்துக்கொள்ளலாம். நெசவில் நீளவாட்டில் ஓடுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது ஊடை நூல். கிழிந்த இடத்தில் முதலில் ஒரு திசையில் நூலை நெருக்கமாக ஓட்டி, பிறகு குறுக்கே ஊசியை ஒரு நூலின் மேலும் அடுத்த நூலின் கீழுமாக மாற்றி மாற்றிச் செலுத்தினால், அழிந்த நெசவு மீண்டும் உருவாகிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நூலை இறுக்கி இழுக்காமல் சிறு வளையம் விட வேண்டும். விடாவிட்டால், துவைத்ததும் புதுநூல் சுருங்கிப் பழைய துணியைச் சுற்றிலும் இழுத்துக் கிழித்துவிடும். ஓட்டை அளவோடு நிற்காமல் அதைச் சுற்றித் தேய்ந்து மெலிந்த பகுதியையும் சேர்த்தே ஓட்ட வேண்டும்.

இத்தனையையும் சொற்களால் விளக்கினால் ஒரு பத்தி நீள்கிறது, படித்தவருக்கும் ஐயம் தீர்வதில்லை. ஒரு கோட்டுப்படம் இதை உள்ளங்கை அகலத்தில் தெளிவாக்கிவிடும். ஆனால் அதற்காக ஓவியர் உண்மையிலிருந்து சில இடங்களில் துணிந்து விலக வேண்டியிருக்கிறது. நூல்களை உள்ள பருமனில் வரைந்தால் மேல் எது, கீழ் எது என்பது தெரியாது. ஆகவே அவற்றைப் பல மடங்கு பருமனாக்கி, எண்ணிக்கையைக் குறைத்து, ஒன்று மற்றொன்றின் கீழே செல்லும் இடத்தில் கோட்டைச் சற்று முறித்துக் காட்ட வேண்டும். பாவை வெறும் இரட்டைக் கோடாகவும் ஊடையைக் கறுப்பாகவும் காட்ட வேண்டும். வரியின் முனையில் விடும் வளையத்தை, உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாக வரைய வேண்டும். தவறக்கூடிய நுணுக்கம் எதுவோ அதுவே படத்தில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது இவ்வகைச் சித்திரத்தின் அடிப்படை இலக்கணம். அழகிய நிழலும் துணியின் மடிப்பும் சேர்த்தால் பார்ப்பவர் ஓவியரை மெச்சுவார். எங்கே ஊசியைக் குத்துவது என்பதைத் தவறவிடுவார்.

கையை எந்தப் பக்கத்திலிருந்து வரைவது என்பதும் இதைப் போலவே தீர்மானிக்க வேண்டிய ஒன்று. எதிரே அமர்ந்து பார்ப்பவரின் கோணத்தில் வரைந்த கை, வாசகருக்கு இடம் வலமாகத் திரும்பிக் குழப்புகிறது. தைப்பவர் தம் மடியில் உள்ள துணியைக் குனிந்து பார்க்கும்போது எப்படித் தெரியுமோ அந்தக் கோணத்தில், அவருடைய தோளுக்கு மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்த படத்தில் வாசகரின் கையும் படத்தின் கையும் ஒன்றாகிவிடுகின்றன. ஏவற்படத்தில் முகம் இருக்கிறது, விரல் நம்மை நோக்கி நீள்கிறது. நல்ல செய்முறைப் படத்தில் முகமே தேவைப்படுவதில்லை. அங்கே இருக்க வேண்டிய முகம் வாசகருடையது, அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்.

இப்படங்கள் கோட்டுப்படங்களாகவே அமைந்ததற்குத் தாளும் அச்சுமுறையும் சேர்ந்து காரணமாயின. அக்காலத்தில் படம் அச்சிட இரு வழிகள் பெருவழக்கில் இருந்தன. ஒன்று, கறுப்பு மையால் வரைந்த படத்தைத் துத்தநாகத் தகட்டில் ஒளிப்பட முறையில் பதித்து, கோடு இல்லாத பகுதிகளை அமிலத்தால் அரித்துப் பள்ளமாக்கும் கோட்டு பிளாக். மற்றொன்று, ஒளிப்படத்தின் நிழல் வேறுபாடுகளை நுண்ணிய புள்ளிகளாகப் பிரிக்கும் புள்ளி பிளாக், அதாவது ஹாஃப்டோன். புள்ளி பிளாக்குக்கு வழுவழுப்பான உயர்தரத் தாள் வேண்டும்; சொரசொரப்பான மலிவுத் தாளில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து படம் கறுத்துப்போகும். கோட்டு பிளாக்கோ பழுப்பேறிய தாளிலும் தெளிவாக விழும்; அச்சு எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே ஓட்டத்தில் அடித்தும் விடலாம். கற்பிக்கவும் கோடு, தாளைச் சேமிக்கவும் கோடு என்று இரண்டு தேவைகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

போர்க்கால பிரிட்டனில் தாள் எவ்வளவு அரிதாயிற்று என்பதை எண்கள் உணர்த்தும். 1940இல், பதிப்பாளர்கள் போருக்கு முன் பயன்படுத்திய தாளில் 60 விழுக்காடு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. 1942இல் அது 37.5 விழுக்காடாகச் சரிந்தது. அதே 1942இன் தொடக்கத்தில் பதிப்பாளர் சங்கமும் அரசும் செய்துகொண்ட போர்க்காலச் சிக்கன நூல் தயாரிப்பு உடன்பாடு, எழுத்தின் அளவு, பக்க ஓரங்களின் அகலம், ஒரு பக்கத்தில் இடம்பெற வேண்டிய சொற்களின் அடர்த்தி, தாளின் எடை, அட்டையின் கனம் ஆகியவற்றுக்கெல்லாம் வரம்பு விதித்தது. விதிக்கு உட்பட்ட நூல்களில் திறந்த புத்தகத்தின் மீது சிங்கம் அமர்ந்திருக்கும் சிறு முத்திரை இடம்பெற்றது. ஆடைத் தயாரிப்பாளர்களுக்கும் அதே ஆண்டில் அதே வகையான விதிகள் வந்தன: சட்டைப்பைகள், பொத்தான்கள், கொசுவ மடிப்புகள் ஆகியவற்றின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது, ஆண்களின் காற்சட்டைக் கால்முனையை வெளிப்புறம் மடித்துத் தைப்பது தடை செய்யப்பட்டது. துணியின் ஓரமும் பக்கத்தின் ஓரமும் ஒரே காலத்தில் ஒரே நோக்கத்துக்காகக் கத்தரிக்கப்பட்ட இந்த ஒப்புமை, துணிச் சிக்கனம் பேசும் நூலை வடிவமைத்தவர்கள் தம் நூலிலேயே அந்தச் சிக்கனத்தைக் கடைப்பிடிக்க நேர்ந்ததைக் காட்டுகிறது.

சிறுநூலின் பக்க எண்ணிக்கையும் இப்படித்தான் தாளின் கணக்கிலிருந்து பிறக்கிறது. ஒரு பெரிய தாளின் இருபுறமும் புறத்துக்கு எட்டுப் பக்கமாக அச்சிட்டு மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். அச்சகங்கள் அதை ஒரு பாரம் என்கின்றன. நூல் ஒரு பாரமாகவோ இரண்டு பாரமாகவோ அமைந்தால் தாள் வீணாகாது. நடுவில் கம்பித் தையல் போட்டால் தட்டையாக விரிந்து கிடக்கும், இரண்டு கையும் வேலையில் இருப்பவருக்கு அது பேருதவி. 16 பக்கத்துக்குத் திட்டமிட்ட நூல் 18 பக்கமாக நீண்டால், மிகையான இரண்டு பக்கத்துக்காகத் தனித் துண்டுத் தாள் ஒட்ட வேண்டும், அல்லது ஏதேனும் இரண்டு குறிப்புகளை நீக்க வேண்டும். பெரும்பாலும் நீக்குவதே நூலுக்கு நல்லது. எந்தக் குறிப்பு போகலாம் என்று முடிவு செய்யும் அந்த வேளையில்தான் தொகுப்பாளர் உண்மையில் ஆசிரியராகிறார்.

எந்தக் குறிப்புகள் இடம்பெறுகின்றன என்பது, நூலை எழுதியவர்கள் யாருடைய வீட்டை மனக்கண்ணில் வைத்திருந்தார்கள் என்பதையும் காட்டிக்கொடுக்கும். 'மேக் டூ அண்ட் மெண்ட்' நூலில், முழங்காலுக்குக் கீழே தொளதொளவென நிற்கும் 'பிளஸ் ஃபோர்ஸ்' காற்சட்டையிலிருந்து பள்ளிச் சிறுவனுக்கு இரண்டு அரைக்காற்சட்டைகள் தைக்கலாம் என்ற குறிப்பு இருக்கிறது. கோல்ஃப் ஆட்டத்தோடும் நாட்டுப்புற மாளிகை வாழ்க்கையோடும் சேர்த்து எண்ணப்பட்ட உடை அது. கூப்பன் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தது. ஆனால் பங்கீடு தொடங்கிய நாளில் அலமாரியில் இருந்த துணி சமமாக இருக்கவில்லை. நிறைந்த அலமாரியோடு போரில் நுழைந்தவருக்குப் பழையதைப் புதிதாக்கும் யோசனைகள் ஏராளமாகப் பயன்பட்டன. போருக்கு முன்பே ஒட்டுப்போட்டு உடுத்திவந்த தொழிலாளர் வீட்டுப் பெண்ணுக்கு அந்நூல் புதிதாகக் கற்பிக்கக்கூடியது குறைவு. இதைக் குறையாகச் சொல்லும்போது ஒரு நேர்மையையும் குறிப்பிட வேண்டும்: போருக்குச் சென்றிருக்கும் கணவரின் உடையைப் பிரித்துத் தைக்கும் முன், அவர் திரும்பியபின் அது அவருக்குத் தேவைப்படாது என்று உறுதி செய்துகொள்ளுமாறு அந்நூல் எச்சரிக்கிறது. அவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையின் மீது எழுதப்பட்ட அந்த ஒரு குறிப்பில், அரசு நூல் ஒரு வீட்டின் உள்ளே வந்து பேசுகிறது.

அதே 1943இல் ஏவற்படங்களின் உச்சமும் வந்தது. தேசியச் சேமிப்புக் குழுவுக்காக ஃபிலிப் பாய்டெல் படைத்த 'ஸ்குவாண்டர் பக்' என்ற ஊதாரிப் பூச்சி, உடலெங்கும் ஸ்வஸ்திகச் சின்னங்களோடு, கடைவீதியில் பெண்களின் காதருகே நின்று வீண்செலவுக்குத் தூண்டும் விகார உருவமாக விளம்பரங்களில் தோன்றியது. வரைதல் திறத்திலும் நினைவில் நிற்கும் ஆற்றலிலும் அதற்கு நிகரான சேமிப்புச் சித்திரம் அரிது. ஆனால் அதன் கருத்தமைப்பு வருத்தம் தருவது: மளிகைக்கும் பிள்ளைகளின் காலணிக்கும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் பெண், பகைவனின் கையாளுக்குச் செவிசாய்ப்பவளாகச் சித்திரிக்கப்படுகிறாள். பகைவனுக்கான சின்னத்தைக் கழற்றிவிட்டால் அந்தப் படத்தில் மிஞ்சுவது குற்றச்சாட்டு மட்டுமே. அதனால் போர் முடிந்ததும் அந்தப் பூச்சிக்கு வேலை இல்லாமல் போயிற்று. இழையோட்டும் கையின் கோட்டுப்படமோ அறுபது ஆண்டுகள் கழித்து அந்நூல் மறுஅச்சானபோதும் அப்படியே பயன்பட்டது.

சேமிப்பைப் படமாக்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு: சிறுதொகை எப்படிப் பெருந்தொகையாகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது. இதற்குச் சிறந்த விடை, வியன்னாவில் 1925இல் சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தை நிறுவிய ஓட்டோ நியூராத்தும், பின்னாளில் அவர் மனைவியான மரீ நியூராத்தும், ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸும் உருவாக்கிய ஐசோடைப் முறையில் கிடைக்கிறது. அளவு கூடும்போது உருவத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே உருவத்தைத் திரும்ப அடுக்க வேண்டும் என்பது அதன் தலையாய விதி. இரண்டு மடங்கு சேமிப்பைக் காட்ட உண்டியலின் உயரத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் படத்தின் பரப்பு நான்கு மடங்காகிக் கண்ணை ஏமாற்றும். ஒரே அளவில் இரண்டு உண்டியல் வரைந்தால் ஐயத்துக்கு இடமில்லை. நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்து ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறிய நியூராத் இணையர், ஆவணப்பட இயக்குநர் பால் ரோத்தாவோடு சேர்ந்து 1941இல் உருவாக்கிய 'எ ஃபியூ அவுன்சஸ் எ டே' என்ற குறும்படம், ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் மிச்சமாகும் சில அவுன்ஸ் கழிவுப் பொருள் நாடு முழுவதற்குமாகச் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதை இந்த உருக்களின் அணிவகுப்பால் விளக்கியது. அதில் அதட்டலும் இல்லை, பூச்சியும் இல்லை. கணக்கு மட்டும் இருக்கிறது, பார்ப்பவர் தாமே கூட்டிக்கொள்ளலாம் என்ற மதிப்பும் இருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே சென்ற உத்தி புத்தகத்துக்கு வெளியே பிறந்தது. எரிபொருளைச் சேமிக்க 1942இல் நடந்த இயக்கம், குளியல் தொட்டியில் ஐந்து அங்குலத்துக்கு மேல் வெந்நீர் நிரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அந்த உயரத்தில் தொட்டியின் உட்புறத்தில் ஒரு கோடு தீட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியது, பக்கிங்ஹாம் அரண்மனையின் தொட்டிகளிலும் அக்கோடு இடப்பட்டது. அறிவுரையை நினைவில் வைத்திருக்கும் வேலையை இந்த ஒற்றைக் கோடு வாசகரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. வெட்டியெடுத்து ஒட்டத்தக்க அளவுச்சீட்டு, அலமாரிக் கதவின் உட்புறம் மாட்டத்தக்க அட்டவணை என்று ஒரு கைநூலின் சில பகுதிகளை அந்தந்த வேலை நடக்கும் இடத்துக்கே அனுப்பிவைப்பது, வடிவமைப்பாளர் தயங்காமல் கைக்கொள்ள வேண்டிய வழி.

அரசின் குரலில் பேசும் நூலுக்கும் தனிமனிதர் தம் வீட்டில் செய்து பார்த்துப் படைக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாடு போருக்குப் பின் தெளிவாகிறது. ஜப்பானில் ஹனமோரி யாசுஜி போர்க்காலத்தில் அரசு சார்ந்த பரப்புரை அமைப்பில் பணியாற்றியவர். போர் முடிந்த பின், ஒஹாஷி ஷிஸுகோவுடன் சேர்ந்து 1948இல் வாழ்க்கைக் குறிப்பேடு என்ற பொருள்படும் 'குராஷி நோ தெச்சோ' இதழைத் தொடங்கினார். துணியும் தாளும் கிடைக்காத காலம் அது. வளைவான வெட்டுகள் இல்லாமல், பழைய கிமோனோத் துணியை நேர்க்கோட்டில் வெட்டியே அன்றாட உடை தைக்கும் முறையை அவர் பரப்பினார். நேர்க்கோட்டு வெட்டில் துணித் துண்டு வீணாவது குறைவு. வரைபடமும் சதுரங்களாலும் செவ்வகங்களாலும் முடிந்துவிடுவதால் தையல் பயிலாதவர்க்கும் விளங்கும். முறையை எளிதாக்கினால் படமும் எளிதாகும் என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் சான்று கிடைப்பது கடினம். 1978இல் இறக்கும்வரை அட்டை ஓவியம், உள்ளே வரும் சிறுபடங்கள், தலைப்பு எழுத்துகள், பக்க அமைப்பு ஆகியவற்றை ஹனமோரி தம் கையாலேயே செய்தார். பொருள்களைச் சோதித்து முடிவுகளை ஒளிக்காமல் வெளியிட வேண்டும் என்பதற்காக இதழ் விளம்பரம் ஏற்கவில்லை.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1990 முதல் 1996வரை 'டைட்வாட் கெஜட்' என்ற சிக்கன மடலை நடத்திய ஏமி டசிஷனும் வரைகலை வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டிருந்தவரே. மடலை எழுதியவர், பக்கம் கட்டியவர், கோட்டுப்படம் வரைந்தவர் ஆகிய மூவரும் அவராகவே இருந்ததால், எழுத்தில் விளக்கம் நீளும் இடத்தைப் படத்துக்கும் படம் தேவையற்ற இடத்தை எழுத்துக்கும் தடையின்றி மாற்றிக்கொள்ள முடிந்தது. தனித்தனியாக எழுத்தாளரும் ஓவியரும் பணியாற்றும்போது, முடிந்த எழுத்துக்கு ஓவியர் அலங்காரம் செய்யும் நிலை எளிதில் வந்துவிடும். எழுதத் தொடங்கும் முன்பே இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து, குறிப்பைச் செய்து பார்த்து, கை எங்கே தயங்குகிறது என்று கவனித்தால் அதைத் தவிர்க்கலாம்.

டசிஷனின் மடல்கள் பின்னர் நூல்களாகத் தொகுக்கப்பட்டன. அவற்றைப் படிப்பவர்க்கு இன்று உறுத்துவது விலைகள்தாம். 1990களின் டாலர் கணக்கு எதற்கும் உதவாது. ஆனால் ஒரு பொருளின் விலையை ஒரு வேளைக்கு, ஒரு முறைக்கு என்று பிரித்து ஒப்பிடும் அவருடைய முறை தேயவில்லை. 1941இன் கூப்பன் கணக்கு செத்துப்போய், பாவும் ஊடையும் நிலைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். சிக்கன நூலை வடிவமைப்பவர் விலையை அச்சிடாமல், அளவையும் எடையையும் நேரத்தையும் அச்சிட்டு, விலைக்கு வெற்றுக் கட்டம் விட்டுவிடுவது அறிவுடைமை. ஜப்பானில் ஹனி மோட்டோகோ 1904இல் வெளியிட்ட 'ககேய்போ' என்ற வீட்டுக் கணக்கேடு இந்த வழியை முன்பே முழுமையாகக் கண்டிருந்தது: உணவு, உடை, கல்வி என்று தலைப்பிட்ட பத்திகள், மாதத் தொடக்கத்தில் ஒதுக்கீட்டை எழுத ஓர் இடம், நாள்தோறும் ஆன செலவை எழுத வரிசையான கட்டங்கள். அவர் நிறுவிய பதிப்பகம் அந்த ஏட்டை இன்றும் ஆண்டுதோறும் அச்சிட்டுவருகிறது. தொகைகளுக்கான கட்டங்கள் அப்போதுபோலவே வெறுமையாக விடப்படுகின்றன.